ஒரு சிம் கார்டோடு போன 143 புத்தகங்கள்

வெளிநாட்டில் இருந்துகொண்டு தமிழ்ப் புத்தகங்களை மின்நூலாக வாங்குகிறவர்கள் தயவுசெய்து இதைக் கடைசி வரை படியுங்கள். ஊர் செல்போன் எண்ணைக் கொடுத்துக் கணக்குத் தொடங்கியவர்கள் கண்டிப்பாகப் படியுங்கள். ஏழு வருடம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த 143 புத்தகங்கள் என் கையை விட்டுப் போய்விட்டன. அதை மீட்கப் போன இடத்தில் என் அப்பாவின் பணமும் போனது.

எனக்குக் கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். 2017இல் வேலைக்காக ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்தேன். ஊருக்கு வந்து திரும்பும்போது விமானத்தில் ஒரு பெட்டிக்கு 23 கிலோதான். கொள்ளுப் பொடி, மஞ்சள் தூள், நாட்டுச்சர்க்கரை எல்லாம் அம்மா கட்டி வைத்த பிறகு நாலு புத்தகத்துக்குத்தான் இடம் இருக்கும். ஈரோடு புத்தகத் திருவிழாவில் ஆசை ஆசையாக வாங்கியதில் பாதி, வீட்டு அட்டாலியிலேயே (பரணிலேயே) தங்கிவிடும்.

அதனால்தான் 2018இல் மின்நூல் படிப்பதற்கென்றே இருக்கும் ஈ-ரீடர் கருவி ஒன்றை வாங்கினேன். செயலிகளையும் போட்டுக்கொள்ளக்கூடிய ஆண்ட்ராய்டு வகை. அதன் மின்மைத் திரையை (இ-இங்க்) குறை சொல்லவே மாட்டேன். போன் திரை மாதிரி பின்னாலிருந்து வெளிச்சம் கண்ணில் அடிக்காது, வெயிலில் உட்கார்ந்தாலும் அச்சுத்தாள் போலத் தெரியும், எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம். அதில் தமிழ் மின்நூல் விற்கும் ஒரு செயலியைப் போட்டு, கோபி சிம் எண்ணைக் கொடுத்துக் கணக்குத் தொடங்கினேன். கடவுச்சொல் கிடையாது. எண்ணைப் போட்டால் ஓ.டி.பி. வரும், அவ்வளவுதான். சுலபமாக இருக்கிறதே என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன். அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே முறையில் இயங்கும் செயலிகள் இன்னும் பல இருக்கின்றன, விஷயம் எல்லோருக்கும் பொதுவானது.

மாதத்துக்கு ஒன்றிரண்டாக வாங்கியதில் 143 புத்தகம் சேர்ந்தது. ஏறத்தாழ 19,000 ரூபாய். பணத்தைவிட எனக்கு முக்கியம், அவற்றில் நான் எழுதி வைத்த குறிப்புகள். என் மகள் இங்கேயே பிறந்தவள், இப்போது ஏழு வயது. தினமும் தூங்கப் போகும் முன் அவளுக்கு ஒரு கதை வாசிப்பேன். நம்ம பக்கத்துச் சொல் ஏதாவது வந்தால் விரலால் அழுத்திக் குறிப்பு எழுதுவேன். பொடக்காளி என்ற சொல்லுக்குப் பக்கத்தில், 'ஆத்தா பாத்திரம் கழுவுகிற இடம், வீட்டுக்குப் பின்னால்' என்று இருக்கும். ஒடக்கானுக்கு, 'தோட்டத்து வேலியில் உட்கார்ந்து தலையாட்டுமே, அது' என்று இருக்கும். போசி, வட்டல், தொண்டுப்பட்டி எல்லாவற்றுக்கும் இப்படியே எழுதியிருந்தேன். பெரியவளானதும் அவளே படிக்கட்டும் என்றுதான் எழுதினேன்.

2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா மூன்றுமே கட்டணத்தை உயர்த்தின. வங்கிக் கணக்கை அதற்குள் ஜெர்மன் எண்ணுக்கு மாற்றியிருந்தேன், ஆதாருக்கு அப்பா எண். இனி எதற்கு அந்தப் பழைய சிம்முக்கு ரீசார்ஜ் என்று விட்டுவிட்டேன். புத்தகக் கணக்கும் அதே எண்ணில்தான் இருக்கிறது என்பது அப்போது நினைவுக்கு வரவே இல்லை. செயலிக்குள் எப்போதும் உள்நுழைந்தே இருந்ததால் ஓ.டி.பி. கேட்டு வருடக்கணக்காகியிருந்தது.

ப்ரீபெய்டு எண்ணை 90 நாள் எதற்கும் பயன்படுத்தாமல் விட்டால் நிறுவனம் அதை முடக்கிவிடலாம். கொஞ்ச காலம் கழித்து அதே எண் வேறு ஒருவருக்குப் போய்ச் சேரும். என் எண்ணும் போனது.

2025 மார்ச்சில் ஒரு நாள் ராத்திரி, மகள் போர்வைக்குள் தயாராக இருக்கிறாள், ஈ-ரீடரைத் திறக்கிறேன். செயலி புதுப்பிக்கப்பட்டிருக்கிறது, மீண்டும் உள்நுழையவும் என்று வருகிறது. எண்ணைப் போட்டேன். ஓ.டி.பி. அனுப்பிவிட்டோம் என்றது. கீழே 30 நொடி எண்ணிக் குறைந்துகொண்டே வந்து நின்றது. மறுபடி போட்டேன். மூன்றாவது தடவைக்கு மேல் 24 மணி நேரம் கழித்து வாருங்கள் என்று பூட்டிக்கொண்டது. எண்ணை மாற்றலாம் என்று பார்த்தால், அதற்கும் பழைய எண்ணுக்கு வரும் ஓ.டி.பி. வேண்டும். மின்னஞ்சல் கொடுக்கும் வழியே அந்தச் செயலியில் இல்லை.

அடுத்த நாள் என் பழைய எண்ணுக்கு நானே கூப்பிட்டேன். ஒரு அம்மா எடுத்தார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை என்றார். பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. விஷயத்தைச் சொன்னதும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"இந்த நம்பரு வாங்கி ரெண்டு மாசமாச்சுங்க. நேத்து ராத்திரிகூட மெசேஜு வந்துட்டே இருந்துச்சுங்க."

"அது நான்தானுங்க. இப்ப மறுபடி ஒண்ணு அனுப்பச் சொல்றேன், அந்த ஆறு நம்பரை மட்டும் சொன்னீங்கன்னா போதுங்க."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னார்: "தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. ஓ.டி.பி. யாரு கேட்டாலும் சொல்லப்படாதுன்னு பையன் சொல்லி வெச்சிருக்கானுங்க."

அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. முகம் தெரியாத எவனோ வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டு ஓ.டி.பி. கேட்டால் வேறு என்ன சொல்வது? மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தேன்.

அப்புறம் நிறுவனத்தோடு மல்லுக்கட்டு. ஏழு வருட ரசீதுகள், வங்கிக் கணக்கு விவரம், பாஸ்போர்ட் நகல் எல்லாம் அனுப்பினேன். பதினொரு மின்னஞ்சல் போட்டேன். ஒன்பதுக்கு ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தது: பதிவு செய்த எண்ணிலிருந்து தொடர்பு கொள்ளவும். பத்தாவதுக்கு மட்டும் யாரோ ஒரு மனிதர் எழுதியது போன்ற பதில். கணக்கு என்பது எண்ணுக்கு உரியது, பணம் செலுத்தியவருக்கு உரியது அல்ல என்று இருந்தது. அதாவது நான் பணம் கொடுத்த புத்தகங்கள் இனி திருப்பூர் அம்மாவுடையவை. பதினொன்றாவதுக்குப் பதிலே இல்லை.

இதையெல்லாம் வாரம் ஒருமுறை வீட்டுக்குப் பேசும்போது சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கேதான் பெரிய தப்பு நடந்தது. நம்ம நாட்டுக் கம்பெனிதானே, இங்கிருந்து பேசினால் முடியும் என்று அப்பா நினைத்திருக்கிறார். கூகுளில் அந்தச் செயலியின் பெயரோடு கஸ்டமர் கேர் என்று தேடி, முதலில் வந்த எண்ணுக்குக் கூப்பிட்டிருக்கிறார். நல்ல தமிழில், மரியாதையாக ஒருவன் பேசியிருக்கிறான். என் பெயரை, புத்தக எண்ணிக்கையை எல்லாம் அப்பாவே சொல்லிவிட்டார். புத்தகம் திரும்பக் கிடைக்காது, பணத்தைத் திருப்பித் தருகிறோம், ஒரு படிவம் நிரப்புங்கள் என்று இணைப்பு அனுப்பியிருக்கிறான். நிரப்பத் தெரியவில்லை என்றதும், நாங்களே உதவுகிறோம் என்று போன் திரையை அவன் பார்க்கும்படியான ஒரு செயலியைப் போட வைத்திருக்கிறான்.

படிவத்தில் டெபிட் கார்டு எண் கேட்டது. வங்கியிலிருந்து வந்த ஓ.டி.பி.யை அப்பா வாயால் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. திரையில் வந்து விழுந்த குறுஞ்செய்தியை அவன் அங்கிருந்தே படித்துக்கொண்டான். இரண்டு தடவையாக 42,000 ரூபாய். பட்டுக்கூடு விற்று வந்த பணம்.

அப்பா இதை என்னிடம் இரண்டு நாள் சொல்லவில்லை. அம்மாதான் போன் செய்தார். அப்பாவிடம் கேட்டபோது, "உனக்கு ஒரு ஒத்தாசையா இருக்கும்னு பாத்தேன் சாமி" என்றார். அதற்கு மேல் எனக்கும் எதுவும் கேட்க வாய் வரவில்லை.

அந்த இரண்டு நாள்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. இணைய மோசடிக்கு 1930 என்ற எண் இருக்கிறது. பணம் போனது தெரிந்த அந்த நிமிடமே கூப்பிட்டுச் சொன்னால், அது அடுத்தடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. நாங்கள் கூப்பிடும்போது பணம் எங்கெங்கோ போய்விட்டது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த எண்ணைக் காலண்டர் அட்டையில் பெரிதாக எழுதி மாட்டுங்கள். கூடவே ஒன்று சொல்லி வையுங்கள்: பணம் போனால் திட்ட மாட்டோம், உடனே சொல்லுங்கள் என்று. என் அப்பா தயங்கியது திட்டுக்குப் பயந்துதான். கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடவே கூடாது, செயலிக்குள்ளோ ரசீதிலோ இருப்பதை மட்டும்தான் நம்ப வேண்டும்.

சரி, புத்தக விஷயத்துக்கு வருகிறேன். நடந்த பிறகுதான் விதிமுறைகளை வரி வரியாகப் படித்தேன். 'வாங்கு' என்று பொத்தானில் போட்டிருந்தாலும் நாம் பெறுவது படிப்பதற்கான உரிமம் மட்டும்தான் என்று உள்ளே எழுதியிருக்கிறது. இந்த ஒரு செயலி மட்டும் இப்படி என்று நினைக்காதீர்கள். உலகம் முழுக்க மின்நூல் வியாபாரம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. 2009இல் அமேசான், உரிமைச் சிக்கல் காரணமாக, ஜார்ஜ் ஆர்வெல்லின் நாவல்களை வாடிக்கையாளர்களின் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே அழித்தது, பிறகு மன்னிப்புக் கேட்டது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையையே மூடியது. பணத்தைத் திருப்பித் தந்தார்கள், ஆனால் வாங்கிய புத்தகங்கள் திறக்காமல் போயின. கிண்டில் புத்தகங்களைக் கணினியில் இறக்கி கேபிள் வழியாக மாற்றும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரியில் எடுத்துவிட்டது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. கொடுப்பது உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல், 'வாங்கு' என்று போட்டு விற்கக் கூடாது. நம் நாட்டுக்கும் அப்படி ஒன்று வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஆகவே நான் இப்போது வாங்கும் முன் கேட்கிற முதல் கேள்வி, கோப்பு என் கைக்கு வருமா என்பதுதான். எந்தக் கருவிக்கும் நகலெடுத்துக்கொள்ளும்படி பூட்டுப் போடாத ஈ-பப் (மின்நூலுக்கான கோப்பு வகை) கோப்பாகக் கொடுக்கிறவர்களிடம் பத்து ரூபாய் கூடுதலானாலும் வாங்குகிறேன். வாங்கியதும் கணினியில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று என்று நகல் வைத்துவிடுகிறேன். இவற்றை அடுக்கி வைக்கக் காலிபர் என்ற இலவச மென்பொருள் போதும், அதை எழுதத் தொடங்கியவர் கோவிட் கோயல் என்ற இந்தியர்தான். பழைய இலக்கியங்களுக்கு 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது. எந்தக் கணக்கும் இல்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இக்கால எழுத்தாளர்கள் தாங்களே பகிரச் சொல்லிக் கொடுத்த நூல்கள் இருக்கின்றன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதிலும் நான் பணம் விட்டிருக்கிறேன். மின்நூல் என்ற பெயரில், அச்சுப் புத்தகத்தை ஸ்கேன் செய்த பி.டி.எஃப்.பை விற்கிறார்கள். ஆறு அங்குலத் திரையில் அது எறும்பு ஊர்வது போலத் தெரியும், எழுத்தைப் பெரிதாக்கினால் வரி பக்கத்தை விட்டு வெளியே போகும். ஒருங்குறி (யூனிகோடு) வருவதற்கு முந்தைய எழுத்துருவில் தட்டியதாக இருந்தால் ஒரு சொல்லைக்கூடத் தேட முடியாது. சில கருவிகளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் மாதிரிப் பக்கம் இல்லாமல் வாங்காதீர்கள். மாதிரியைப் போனில் பார்த்தால் போதாது, எந்தக் கருவியில் படிக்கப் போகிறீர்களோ அதிலேயே திறந்து, கொ, கௌ, ஸ்ரீ எல்லாம் ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள்.

ஊர் எண் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே உட்கார்ந்து அந்த எண்ணில் எந்தெந்தக் கணக்கு இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். வங்கி நினைவுக்கு வந்துவிடும். புத்தகம், பாட்டு, கேஸ் புக்கிங் மாதிரி சின்னச் சின்னதுதான் தப்பிவிடும். ஒவ்வொன்றையும் மாற்றி முடித்த பிறகு சிம்மை விடுங்கள். மாற்ற முடியாதது ஒன்று இருந்தால்கூட ரீசார்ஜை நிறுத்தாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். நிறுவனம் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. டிசம்பரில் ஊருக்கு வரும்போது ஈரோட்டில் ஒரு வக்கீலைப் பார்க்கப் போகிறேன். இதே மாதிரி எண் போய், கணக்கை யாராவது மீட்டிருந்தால் எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

ஈ-ரீடர் மேசை மேல்தான் இருக்கிறது. ராத்திரிக் கதையை இப்போது அப்பா எடுத்துக்கொண்டார். அட்டாலியில் கிடந்த என் பழைய புத்தகங்களைத் தட்டித் துடைத்து எடுத்து, வீடியோ அழைப்பில் பேத்திக்கு வாசிக்கிறார். இங்கே ஏழு மணி என்றால் அங்கே ராத்திரி பத்தரை. விடிவதற்குள் எழுந்து பட்டுப்புழுவுக்கு மல்பெரி இலை போட வேண்டியவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, புத்தகத்தை முகத்துக்கு அருகில் பிடித்து வாசிக்கிறார். நேற்று ஒரு இடத்தில் நிறுத்தி, "ஒடக்கான்னா என்னன்னு தெரியுமா கண்ணு?" என்று கேட்டார். அவள் கட்டிலில் உட்கார்ந்தபடி தலையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினாள்.