பி.டி.எஸ்.டி. கோச் செயலி: தவிப்பைத் தணிக்கும், நினைவைத் தொடாது

பி.டி.எஸ்.டி. எனப்படும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயின் அறிகுறிகளைச் சமாளிக்க, அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை 2011இல் வெளியிட்ட இலவசச் செயலி இது. விபத்து, பாலியல் வன்முறை, போர் என எந்த அதிர்ச்சிக்குப் பிறகும் பயன்படும். கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. தமிழில் கிடையாது என்பது பெரிய குறை.

அறிகுறிகளைச் சமாளிக்கும் பகுதிதான் இதன் உயிர். பழைய சம்பவம் நினைவுக்கு வந்தது, சோகம், தூக்கமின்மை என ஒன்றைத் தொட்டால், தவிப்பு எவ்வளவு என்று 0 முதல் 10 வரை குறிக்கச் சொல்லும். மூச்சுப் பயிற்சி, தசைத் தளர்வு என்று ஏதாவது ஒன்றைத் தரும். முடிந்ததும் மறுபடி குறிக்கச் சொல்லும். எண் இறங்கிய பயிற்சிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் படங்கள், பாட்டு, நெருங்கியவர்களின் எண்கள் ஆகியவற்றை மனம் நிதானமாக இருக்கும்போதே ஏற்றிவிட வேண்டும். படபடக்கும் நேரத்தில் கை ஓடாது. ஊக்க வாசகங்கள் பகுதி வெறும் அலங்காரம்.

செயலியில் அறிகுறிகளை அளக்கும் வினாத்தாளும் உண்டு; அதன் மதிப்பெண்ணைப் பார்க்கும்போதுதான் கவனம் வேண்டும். பி.சி.எல்-5 என்ற அந்த வினாத்தாளில் 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4. மொத்தம் 31–33 அல்லது அதற்கு மேல் வந்தால் பி.டி.எஸ்.டி. இருக்கக்கூடும் என்று கொள்வார்கள். ஆனால் 9 முதல் 14 வரையிலான கேள்விகள் தன்னைப் பழிப்பது, ஆர்வம் இழப்பது, பிறரிடமிருந்து விலகுவது பற்றியவை. 19, 20 கவனமும் தூக்கமும். இந்த எட்டும் மனச்சோர்விலும் வருபவை. எட்டுக்கும் 4 போட்டாலே 32! நினைவுகள் துரத்துவதைக் கேட்கும் முதல் 5 கேள்விகளுக்கும் 0 போட்டவருக்கும் இது நடக்கலாம். ஆகவே மொத்தத்தை விட எந்தக் கேள்விகளில் மதிப்பெண் ஏறியது என்பதைப் பாருங்கள்.

பி.டி.எஸ்.டி.யும் மனச்சோர்வும் சேர்ந்தே வருவதும் சகஜம். நினைவைக் கிளறும் இடங்களையும் ஆட்களையும் தவிர்க்கத் தவிர்க்க வாழ்க்கை சுருங்குகிறது. மகிழ்ச்சி தந்தவையும் அதோடு போய்விடுகின்றன. 'என் தவறுதான்' என்ற எண்ணமும் சோதிக்கப்படாமல் இறுகுகிறது. நினைவு வரும்போதெல்லாம் மூச்சுப் பயிற்சிக்குள் ஒளிந்துகொண்டால், அதுவும் ஒருவகைத் தவிர்ப்பே. நினைவை நேரடியாக எடுத்துப் பேசும் சிகிச்சைகள் 8 முதல் 15 அமர்வுகள் வரை போகும். அவற்றில் மனச்சோர்வும் குறைவதுண்டு. அதற்குச் செயலி துணை, மாற்று அல்ல.

செயலியில் உள்ள உதவி எண்கள் அமெரிக்காவுக்கானவை. இந்தியாவில் இருப்பவர்கள் டெலி-மானஸ் என்ற மனநல உதவி எண் 14416ஐச் சேமித்துக்கொள்ளுங்கள்: இலவசம், 24 மணி நேரம், தமிழில் பேசலாம். பி.சி.எல்-5 தற்கொலை எண்ணத்தைக் கேட்பதில்லை. மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9 வினாத்தாளின் 9ஆவது கேள்வி அதைக் கேட்கும்; அந்த வினாத்தாளையும் கூடவே நிரப்புங்கள். அந்த 9ஆவது கேள்விக்கு 0 தவிர எது வந்தாலும் செயலியை மூடிவிட்டு அன்றே ஒருவரிடம் பேச வேண்டும்.