மூன்று கறுப்பு பீர்: கின்னஸ், லண்டன் போர்ட்டர், லயன்

"அது சாப்பாடு மாதிரிய்யா, ஒரு கிளாஸ் குடிச்சா அப்புறம் சோறு இறங்காது." கின்னஸைப் பற்றி என் நண்பர் பல வருடமாகச் சொல்லிவரும் தீர்ப்பு இது. தொட்டுக்கூடப் பார்த்ததில்லை, நிறத்தைப் பார்த்தே முடிவு செய்துவிட்டார். ஒரு சனிக்கிழமை அவர் முன்னால் மூன்றை வைத்தேன்: அயர்லாந்தின் கின்னஸ் டிராஃப்ட் டின், ஃபுல்லர்ஸ் லண்டன் போர்ட்டர், இலங்கையின் லயன் ஸ்டவுட்.

கறுப்பு எங்கிருந்து வருகிறது? காபிக்கொட்டை போலக் கருக வறுத்த தானியத்திலிருந்து. மொத்தத் தானியத்தில் அது கொஞ்சம்தான். போதையைத் தருவது மீதியுள்ள வெளிர் மால்ட்டின் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) சர்க்கரை, அது புளித்துத்தான் ஆல்கஹால் ஆகிறது. அதனால் நிறத்தை வைத்து வீரியத்தைக் கணக்கிட முடியாது. கின்னஸ் 4 சதவீதத்தைக் கொஞ்சம்தான் தாண்டும், வழக்கமான லாகர் (கடைகளில் கிடைக்கும் பொன்னிற பீர்) பலவற்றைவிடக் குறைவு. போர்ட்டர் 5.4. லயன் 8.8! 440 மில்லி கின்னஸ் டின்னில் இருப்பது சுமார் 18 மில்லி ஆல்கஹால், 330 மில்லி லயன் பாட்டிலில் 29. மேசையில் சின்னதாக நின்றதுதான் ஆளை அடிக்கும்.

அப்படியானால் கின்னஸ் கனமாகத் தெரிவது ஏன்? நைட்ரஜன். அதன் குமிழிகள் மிகப் பொடியானவை, நுரை பாலாடை போல நிற்கும், நாக்கில் வழுவழுப்பு. டின்னுக்குள் கடகடவென்று உருளும் பிளாஸ்டிக் உருண்டையின் வேலை அது. ஊற்றியதும் கிளாஸின் ஓரத்தில் குமிழிகள் கீழ்நோக்கி இறங்கும். நடுவில் மேலேறும் ஓட்டம் ஓரமாகத் திரும்பி இறங்கும்போது அவற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. நண்பர் குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ருசி? மால்ட் ஆக்காமல் அப்படியே வறுத்த பார்லியின் உலர்ந்த கசப்பு, பிறகு சட்டென்று ஒன்றுமில்லை. எனக்கு அது கொஞ்சம் தண்ணீர்தான். ஐரிஷ்காரர்கள் மன்னிக்கட்டும்.

போர்ட்டர்தான் இந்தக் குடும்பத்தின் மூத்தது. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் மூட்டை தூக்கிய போர்ட்டர்கள் விரும்பிக் குடித்ததால் அந்தப் பெயர். அதில் வீரியம் கூடியதை 'ஸ்டவுட் போர்ட்டர்' என்றார்கள், காலப்போக்கில் பின்பாதி உதிர்ந்தது. இன்று இரண்டுக்கும் நடுவே கறாரான கோடு கிடையாது. போர்ட்டர் கொஞ்சம் இனிப்புப் பக்கம், ஸ்டவுட் கருகல் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம், விதிவிலக்குகள் ஏராளம். ஃபுல்லர்ஸில் பிரவுன் மால்ட், சாக்லேட் மால்ட் சேர்கின்றன. 'சாக்லேட்' என்பது வறுப்பின் நிறத்துக்கான பெயர், கோகோ எதுவும் போடுவதில்லை. ஆனாலும் வாயில் கோகோவும் லேசான வெல்லப்பாகும் தெரியும். விளக்குக்கு எதிரே பிடித்தால் கறுப்பு மறைந்து மாதுளைச் சிவப்பு எட்டிப்பார்க்கும்.

லயன் வேறு ரகம். 1881இல் நுவரெலியாவின் மலைக் குளிரில் தொடங்கிய ஆலை, இப்போது கொழும்பு அருகே பியகமவில். பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் (பாடகர் அல்ல) இலங்கைக்கே போய்க் குடித்துப் பாராட்டிய சரக்கு. உலர்திராட்சை, கருகிய சர்க்கரை, டிகாஷன், கடைசியில் தொண்டையில் இளஞ்சூடு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடனே குடித்தால் இதில் பாதி காணாமல் போகும். இருபது நிமிஷம் வெளியே வையுங்கள். கின்னஸுக்கு நேர் எதிர், டின் நன்றாகக் குளிர்ந்திருக்காவிட்டால் திறந்ததும் பொங்கி மேசை நனையும்.

தொட்டுக்கொள்ள மட்டன் சுக்கா இருந்தது. லயனோடு அது சரிப்படவில்லை, ஆல்கஹால் ஏற ஏற மிளகாயின் எரிச்சலும் ஏறுகிறது. போர்ட்டர் அருமையாகப் பொருந்தியது, சுக்காவின் கருகலும் அதன் வறுத்த வாசமும் ஒரே அடுப்பில் பிறந்தவை போல. லயனைச் சாப்பாட்டுக்குப் பிறகு வெனிலா ஐஸ்கிரீமோடு எடுத்தோம்.

என் வரிசை: போர்ட்டர், லயன், கடைசியில் கின்னஸ். நண்பரோ கின்னஸ் டின்னைக் காலி செய்து, அந்த உருண்டையைக் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சோறு இருக்கா?"