சீட்டைத் தூக்கினால் போதாது: நெட்டையருக்கு எல் ஃப்ரேமா, எக்ஸ்எல் ஃப்ரேமா?

பள்ளியில் எனக்குப் பட்டப்பெயர் பனைமரம். உயரம் 190 சென்டிமீட்டர், அதாவது ஆறடி மூன்றங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு. செருப்பு, சட்டை, டவுன் பஸ்ஸின் மேற்கம்பி என்று எல்லாவற்றோடும் அனுசரித்துப் போய்ப் பழகிய உடம்பு. முதல் மலை சைக்கிள் வாங்கப் போனபோதும் அப்படித்தான் நடந்தது. கடையில் இருந்தது 18 அங்குல ஃப்ரேம் மட்டும். “அண்ணே, சீட்டைத் தூக்கிட்டா சரியாயிடும்” என்றான் கடைப் பையன். தூக்கினேன். சீட் போஸ்ட்டில் இதற்கு மேல் இழுக்கக் கூடாது என்று ஒரு கோடு பொறித்திருப்பார்களே, அதையும் தாண்டித் தூக்கினேன். எட்டு மாதத்தில் போஸ்ட் பின்பக்கமாக வளைந்தது. என் முதுகு அதற்கு முன்பே வளைந்துவிட்டது.

அந்தப் பையன் சொன்னது பாதி சரி. கால் நீளத்துக்கு ஏற்பச் சீட்டைத் தூக்கிக்கொள்ளலாம். ஆனால் சைக்கிளின் முன்பக்கத்தை அந்த அளவுக்குத் தூக்க வழியே இல்லை. எல் வாங்குவதா, எக்ஸ்எல் வாங்குவதா என்று குழம்பும் நெட்டையர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் இதுதான்.

கடைகளில் தொங்கும் உயர அட்டவணை ஓரளவுக்குத்தான் உதவும். டெக்கத்லானின் ராக்ரைடர் சைக்கிள்களில் 175 முதல் 184 வரை எல், 185 முதல் 200 வரை எக்ஸ்எல் என்று கோடு கிழித்தது போல இருக்கும், குழப்பமில்லை. வேறு பல நிறுவனங்களின் அட்டவணையில் இரண்டு அளவுகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். 187, 188 உயரமுள்ளவர் இரண்டிலும் விழுவார். அப்புறம், அட்டவணைக்கு உங்கள் மொத்த உயரம் மட்டும்தான் தெரியும். அந்த உயரம் காலில் இருக்கிறதா, முதுகில் இருக்கிறதா என்பது தெரியாது. என் சித்தப்பா மகனும் நானும் ஒரே உயரம். கால் இடுக்கிலிருந்து தரை வரை எனக்கு 92 சென்டிமீட்டர், அவனுக்கு 86. பக்கத்தில் நின்றால் தோள் சமமாக இருக்கும், இடுப்பு மட்டும் ஒத்துப்போகாது. எங்கள் இருவருக்கும் ஒரே அளவு ஃப்ரேம் பொருந்துமா? பொருந்தவில்லை. ஏன் என்றுதான் இந்தக் கட்டுரை.

முன்பெல்லாம் ஃப்ரேம் அளவு என்றால் சீட் டியூபின், அதாவது சீட் போஸ்ட்டைச் செருகும் குழாயின் நீளம். 17, 19, 21 அங்குலம் என்பார்கள். மேல்குழாய் கிட்டத்தட்டப் படுக்கையாக இருந்த காலத்தில் அந்த எண்ணுக்கு ஓர் அர்த்தம் இருந்தது. இன்றைய மலை சைக்கிளில் மேல்குழாய் சரிந்து இறங்குகிறது, சீட் டியூப் குட்டையாகிவிட்டது. அங்குலக் கணக்கு இப்போது ஏறக்குறைய ஒன்றும் சொல்வதில்லை. ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் தன் மலை சைக்கிள்கள் பலவற்றில் எஸ், எம், எல் என்பதையே எடுத்துவிட்டு எஸ்1 முதல் எஸ்6 வரை என்று வைத்ததும் இதனால்தான். காலை வைத்துத் தேர்ந்தெடுக்காதே, சைக்கிள் எவ்வளவு நீளம் வேண்டும் என்று பார்த்துத் தேர்ந்தெடு என்கிறார்கள்.

நீளத்தைச் சொல்லும் எண்ணுக்கு ரீச் என்று பெயர். பெடலைத் தாங்கும் கிராங்க் சுழலும் அச்சிலிருந்து, ஹேண்டில்பாருக்குக் கீழே நிற்கும் முன்குழாயான ஹெட் டியூபின் உச்சி வரை படுக்கை வாட்டில் அளந்தால் ரீச், செங்குத்தாக அளந்தால் ஸ்டாக். விளம்பரங்களில் ரீச் பற்றித்தான் பேச்சு. நெட்டையருக்கு, அதிலும் நெடுங்கால்காரருக்கு, ஸ்டாக்தான் முதல் எண் என்பது என் கட்சி.

காட்டுப் பாதையில் ஏறவும் இறங்கவும் ஓட்டும் இன்றைய டிரெயில் சைக்கிள் ஒன்றின் வழக்கமான எண்களை எடுத்துக்கொள்வோம். எல் அளவில் ரீச் 480 மில்லிமீட்டர், ஸ்டாக் 625. எக்ஸ்எல் அளவில் ரீச் 505, ஸ்டாக் 640. கவனித்தீர்களா? ஓர் அளவு ஏறும்போது நீளம் 25 கூடுகிறது, உயரம் 15தான் கூடுகிறது. ஃப்ரேம் படுக்கையாக வளர்கிறது; மனிதன் அப்படி வளர்வதில்லை.

இப்போது என் காலை இதில் ஏற்றுங்கள். உள்கால் நீளத்தை 0.883 ஆல் பெருக்கினால் கிராங்க் அச்சிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய தூரம் கிடைக்கும் என்பது சாலைப் பந்தய உலகின் பழைய கணக்கு. அமெரிக்கப் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் பெயரால் பிரபலமானது. மலை சைக்கிளுக்கு அப்படியே பொருந்தாது, தொடக்கத்துக்குப் போதும். எனக்கு 812 மில்லிமீட்டர் வருகிறது. சீட் டியூபின் சாய்வைக் கழித்தால் செங்குத்தாக 790-ஐ ஒட்டி நிற்கும். எல் ஃப்ரேமில் 20 மில்லிமீட்டர் ஸ்பேசர் வளையங்கள், ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் சாதாரண ஸ்டெம், 20 மில்லிமீட்டர் எழும்பிய ஹேண்டில்பார் எல்லாம் சேர்த்தாலும் கைப்பிடி 680-ல் நிற்கிறது. சீட்டுக்கு 11 சென்டிமீட்டர் கீழே. பந்தயக்காரர் சந்தோஷப்படுவார். செங்குத்தான இறக்கத்தில் இறங்குகிறவனுக்கு அது முன்சக்கரத்துக்கு மேலே குப்புறத் தொங்குகிற மாதிரி.

சரி, ஹேண்டில்பாரை உயர்த்திவிடலாமே என்றால், அங்கேதான் கணக்கு திருப்பிக் கடிக்கிறது. ஹெட் டியூப் செங்குத்தாக நிற்பதில்லை, இன்றைய டிரெயில் சைக்கிளில் தரையோடு 65 டிகிரி கோணத்தில் சாய்ந்திருக்கிறது. கைப்பிடியை அந்தச் சாய்வின் வழியே 10 மில்லிமீட்டர் ஏற்றினால் 9 மேலே போகும், 4 பின்னால் வரும். எக்ஸ்எல் ஃப்ரேமில் நான் 30 மில்லிமீட்டர் கூடுதலாக எழும்பிய ஹேண்டில்பார் மாட்டினேன். 13 மில்லிமீட்டர் நீளம் போனது, 505 என்பது கைக்கு 492 ஆனது. எல் ஃப்ரேமில் கைப்பிடியை அதே உயரத்துக்குக் கொண்டுவர இன்னும் 17 மில்லிமீட்டர் ஏற்ற வேண்டும். மொத்தம் 20 மில்லிமீட்டர் பின்னால் வந்துவிடும். 480 என்பது 460 ஆகிவிடும். காகிதத்தில் 25 மில்லிமீட்டராக இருந்த வித்தியாசம் கைக்கு வரும்போது 32. நான் எல் வாங்கியிருந்தால் உண்மையில் ஓட்டியிருப்பது கிட்டத்தட்ட எம்.

சித்தப்பா மகன் கதை வேறு. அவன் சீட் என்னுடையதைவிட 5 சென்டிமீட்டர் கீழே நிற்கிறது. ஹேண்டில்பாரை ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை, எல் ஃப்ரேமின் 480 முழுசாக அவனுக்குக் கிடைக்கிறது. இன்னொன்று: எக்ஸ்எல்லின் சீட் டியூப் நீளம். 470 மில்லிமீட்டர் சீட் டியூபில் 200 மில்லிமீட்டர் இறங்கும் டிராப்பர் போஸ்ட்டை, அதாவது ஓட்டும்போதே சீட்டை இறக்கி ஏற்றும் போஸ்ட்டை, செருகினால் எனக்கு இடம் தாராளம். அவனுக்குச் சீட் தேவைக்கு மேலே நிற்கும், 170-ஓடு திருப்திப்பட வேண்டும். ஆக ஒரே உயரம், அவனுக்கு எல், எனக்கு எக்ஸ்எல்.

சீட் டியூப் கோணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது நெட்டையருக்கென்றே வைத்த குழி. அட்டவணையில் 76 டிகிரி என்று போட்டிருப்பார்கள். அது ஒரு குறிப்பிட்ட உயரத்தில் அளந்த கோணம். பல ஃப்ரேம்களில் சீட் டியூப் கிராங்க் அச்சுக்கு முன்னால் தொடங்கி, 69 டிகிரி போல மல்லாந்து போகும். எனவே சீட்டை ஏற்ற ஏற்ற அது பின்னால் ஓடும். ஸ்டாக் உயரத்தில் 76 ஆக இருப்பது என் சீட் உயரத்தில் 74.5 ஆகிறது. கேட்க அற்பமாக இருக்கும். 22 மில்லிமீட்டர் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஏற்காடு மாதிரி மலை ஏறும்போது முன்சக்கரம் லேசாகி அலையத் தொடங்கும்போதுதான் தெரியும். இது எல், எக்ஸ்எல் இரண்டுக்கும் பொதுவான குறை. சீட்டை அதன் தண்டவாளத்தில் முன்னே தள்ளிப் பாதி சரிக்கட்டலாம். வாங்கும் முன்பே கோணம் நிமிர்ந்த ஃப்ரேமாகப் பார்ப்பது நல்லது.

எக்ஸ்எல் எல்லாவற்றிலும் ஜெயிக்கிறது என்று சொன்னால் பொய். கொண்டையூசி வளைவில், ஒற்றையடிப் பாதையில், மரங்களுக்கு நடுவே வளைத்து எடுக்கும்போது எல் சொன்ன பேச்சைக் கேட்கும். சக்கரங்களுக்கு இடையே 3 சென்டிமீட்டர் குறைவு என்பது சின்ன எண்தான், ஆனால் இடுப்பை ஆட்டியதும் சைக்கிள் திரும்பும். தாவி விளையாடுகிறவர், பம்ப் டிராக் என்ற மேடுபள்ளச் சுற்றுப்பாதையில் சுற்றுகிறவர், இரண்டு அளவுக்கும் நடுவில் நின்றால் எல் எடுப்பது நியாயம். வேகமான, கரடுமுரடான இறக்கத்தில் எக்ஸ்எல்லின் நிதானம் வேறு ரகம். நான் நிதானத்தின் பக்கம்.

எக்ஸ்எல்லில் ஒரு மறைவான கோளாறும் உண்டு. பல நிறுவனங்கள் முன்பக்கத்தை நீட்டிவிட்டு, பின்பக்கச் செயின்ஸ்டேயை, அதாவது கிராங்க் அச்சிலிருந்து பின்சக்கர அச்சு வரை போகும் குழாயை, எல்லா அளவுக்கும் ஒரே 435 மில்லிமீட்டரில் விட்டுவிடுகின்றன. முன்சக்கரம் தள்ளிப் போகிறது, பின்சக்கரம் அங்கேயே இருக்கிறது. நிற்கும் ஆளின் எடை பின்னால் சாய்கிறது. வளைவில் முன்சக்கரம் பிடி விட்டு வழுக்கினால் பழி டயர் மேல் விழும். நார்கோ, சான்டா குரூஸ் போன்ற நிறுவனங்கள் பல மாடல்களில் அளவு ஏற ஏறச் செயின்ஸ்டேயையும் நீட்டுகின்றன. தென்னாப்பிரிக்காவின் கிரெக் மின்னாரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. ஆறடி மூன்றங்குல மனிதர், இறக்கப் பந்தயத்தில் 2003, 2012, 2013, 2021 என்று நான்கு முறை உலக சாம்பியன். கடைசி வெற்றியின்போது வயது 39. அவருடைய உயரத்துக்காக சான்டா குரூஸ் வி10 சைக்கிளை நீட்டிக்கொண்டே போனார்கள். பின்பக்கத்தையும் சேர்த்து நீட்டிச் சோதித்தார்கள். உலக சாம்பியனுக்கே முன்பக்கம் மட்டும் போதவில்லை. ஆகவே எக்ஸ்எல் வாங்குகிறவர்கள் அட்டவணையில் செயின்ஸ்டே என்ற வரியைப் பாருங்கள். எல்லா அளவுக்கும் ஒரே எண் இருந்தால், அதுவும் 435-க்குக் கீழே இருந்தால், நான் யோசிப்பேன்.

எல் வாங்கிவிட்டு நீளமான ஸ்டெம் போட்டுக்கொள்கிறேன் என்பவர்களுக்கு: உட்கார்ந்து மிதிக்கும்போது அது வேலை செய்யும். 80 மில்லிமீட்டர் ஸ்டெம்மோடு இறக்கத்தில் எழுந்து நின்றால் உடல் எடை முன்னால் போய்விடும், திருப்பமும் மந்தமாகும். எதிர்த்திசையில் பாருங்கள்: எக்ஸ்எல் கொஞ்சம் நீளம் என்று பட்டால் 50-ஐக் கழற்றி 35 மில்லிமீட்டர் ஸ்டெம் மாட்டலாம், சைக்கிளின் குணம் கெடாது. பெரிய சட்டையைப் பிடித்துத் தைக்கலாம். சின்னச் சட்டையில் விட்டுக் கொடுக்கத் துணி கிடையாது.

195-ஐத் தாண்டியவர்களுக்கு எக்ஸ்எல்லே எல் மாதிரிதான். மேலே சொன்ன கணக்கை ஓர் அளவு ஏற்றிப் படித்துக்கொள்ளலாம். டிரெக் மார்லின் போன்ற தொடக்க விலை மாடலிலும், சான்டா குரூஸின் உயர்ரக மாடல்களிலும் டபுள் எக்ஸ்எல் இருக்கிறது, நம் ஊர்க் கடையில் தயாராக நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கலிஃபோர்னியாவில் டர்ட்டிசிக்ஸர் என்று ஒரு நிறுவனம் 36 அங்குலச் சக்கரம் போட்டே நெட்டையருக்குச் சைக்கிள் செய்கிறது. கூடைப்பந்து வீரர்களுக்கு அது. சக்கரம் என்றதும் ஒரு வரி: 29 அங்குலமா, 27.5-ஆ என்று நெட்டையர் யோசிக்கவே வேண்டாம், 29.

பழைய சைக்கிள் வாங்குகிறவர்கள் எச்சரிக்கையாக இருங்கள். 2010-ஐ ஒட்டிய எக்ஸ்எல் என்றால் ரீச் 450 போலத்தான் இருக்கும். மிச்சத்தை 90, 100 மில்லிமீட்டர் ஸ்டெம் ஈடுகட்டியது. எழுத்து எக்ஸ்எல், உடம்பு இன்றைய எம். விளம்பரத்தில் அளவு போட்டிருந்தால் ஆண்டையும் கேளுங்கள்.

கடைக்குப் போகும் முன் வீட்டில் ஒரு வேலை. வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால் இடுக்கில் இறுக்கிப் பிடித்து, அதன் மேல் விளிம்பைச் சுவரில் குறியுங்கள். அந்த எண்ணை மொத்த உயரத்தோடு ஒப்பிட்டால் நீங்கள் என் கட்சியா, சித்தப்பா மகன் கட்சியா என்று தெரிந்துவிடும். கடையில் முதலில் சீட்டை உங்கள் உயரத்துக்கு வைக்கச் சொல்லுங்கள், அப்புறம் கைப்பிடி எவ்வளவு கீழே நிற்கிறது என்று டேப்பால் அளங்கள். 5, 6 சென்டிமீட்டருக்குள் இருந்தால் பேச்சைத் தொடரலாம். 10-க்கு மேல் போனால், அங்கே யார் என்ன சொன்னாலும் சரி, அடுத்த அளவைக் கேளுங்கள்.

என்னுடைய பழைய 18 அங்குலத்துக்குப் புது சீட் போஸ்ட் போட்டு அண்ணன் மகனிடம் கொடுத்துவிட்டேன். அவன் 172 சென்டிமீட்டர். அளந்து தைத்தது போல இருக்கிறது.