மொழிபெயர்ப்பு வேலையில் ஏஐ: நெடுநாள் பயன்பாட்டில் தெரியவந்தவை

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறவர்களுக்கு இப்போது வரும் கோப்புகள் பெரும்பாலும் காலியாக வருவதில்லை. இடப்பக்கக் கட்டத்தில் ஆங்கிலம், வலப்பக்கக் கட்டத்தில் இயந்திரம் ஏற்கெனவே நிரப்பிய தமிழ். கூடவே வேலை தரும் மொழிபெயர்ப்பு ஏஜென்சியின் மின்னஞ்சலில் "சும்மா ஒருமுறை சரிபார்த்துக் கொடுத்தால் போதும்" என்று ஒரு வரி. இந்த வேலைக்குப் பெயர் போஸ்ட் எடிட்டிங். மொழிபெயர்ப்பாளருக்கு வேலை போகவில்லை; வேலையின் தன்மை மாறி, சொல்லுக்கான கூலி குறைந்து, பொறுப்பு மட்டும் முழுசாக அவர் தலையிலேயே நிற்கிறது. இந்தக் கருவிகளைத் தொடர்ந்து பயன்படுத்தியதில் எது உண்மையிலேயே நேரத்தை மிச்சப்படுத்துகிறது, எங்கே கழுத்தை அறுக்கிறது, இனி யாருக்கு வேலை இருக்கும் என்பதைப் பார்க்கலாம்.

கூகுள் டிரான்ஸ்லேட்டில் தமிழ் 2011இல் வந்தது. அப்போதைய புள்ளிவிவர முறையில் வாக்கியம் துண்டு துண்டாக உடைந்து கிடக்கும். முதல் பார்வையிலேயே தப்பு தெரியும், அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவோம். அது யார் பிழைப்பையும் தொடவில்லை. 2017 ஏப்ரலில் வாக்கியம் முழுவதையும் சேர்த்துப் பார்க்கும் நியூரல் முறை தமிழுக்கு வந்தபோதுதான் நிலைமை மாறியது. தமிழ் சரளமாக ஓட ஆரம்பித்தது, தவறுகள் அந்தச் சரளத்துக்குள் ஒளிந்துகொண்டன. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு ஒரு வாக்கியத்தை மட்டுமல்லாமல் ஆவணம் முழுவதையும் பார்த்து மொழிபெயர்க்கச் சொல்ல முடிந்தது. ஆனால் அதன் பின்னால் இயங்கும் மொழி மாதிரிகள் (லாங்குவேஜ் மாடல்) தமிழ் எழுத்துகளை மிகச் சின்ன டோக்கன்களாக, அதாவது அவை எண்ணிப் படிக்கும் துண்டுகளாக, நறுக்கியதால் செலவு அதிகம், வேகம் குறைவு. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வெளியானபோது சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ காட்டிய எடுத்துக்காட்டு வாக்கியத்தில் தமிழுக்கான டோக்கன் 116இலிருந்து 35ஆகக் குறைந்திருந்தது. சாதாரணமாகக் கடந்துபோன செய்திதான். ஆனால் பெரிய தமிழ்க் கோப்புகளை மொத்தமாக இயந்திரத்தில் ஓட்டுவது ஏஜென்சிகளுக்குக் கட்டுப்படியானதில் இந்த மாற்றத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2023இல் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2 என்ற மொழிபெயர்ப்பு மாதிரி தனியாகக் குறிப்பிட வேண்டியது. திறந்த உரிமத்தில் 22 இந்திய மொழிகளுக்கும் கிடைக்கிறது. அதன் சிறிய வடிவத்தைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டலாம், கோப்பு வெளியே போகாது. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டு வாடிக்கையாளரின் கோப்பை ஏதோ ஓர் இலவச இணையதளத்தில் ஒட்டுவது ஒப்பந்த மீறல். இந்த ஒரு காரணத்துக்காகவே இதை நிறுவி வைத்துக்கொள்வது நல்லது. குறை என்னவென்றால் இது ஒவ்வொரு வாக்கியத்தையும் தனியாகத்தான் பார்க்கும். முந்தைய பத்தியில் யாரைப் பற்றிப் பேசினோம் என்று அதற்குத் தெரியாது.

இனி தவறுகளுக்கு வருவோம். எழுத்துப்பிழையும் ஒற்றுப்பிழையும் கண்ணில் பட்டுவிடும். பட வேண்டிய இடத்தில் படாமல் போகிறவைதான் ஆபத்து.

மருந்துச் சீட்டில் 'எவ்ரி அதர் டே' என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள். இயந்திரம் சிலசமயம் "ஒவ்வொரு நாளும்" என்று எழுதிவிட்டுப் போய்விடும். தமிழ் வாக்கியத்தில் குறையே தெரியாது, மருந்தின் அளவு மட்டும் இரட்டிப்பாகியிருக்கும். 'மே நாட்' என்பது "கூடாது" என்றும் வரும், "இல்லாமலும் போகலாம்" என்றும் வரும். ஒப்பந்தத்தில் முதலாவது, மருந்தின் பக்கவிளைவுப் பட்டியலில் இரண்டாவது. இயந்திரம் இரண்டையும் மாற்றிப் போடும். பாலினம் குறிக்காமல் ஒருவரை 'தே' என்று ஆங்கிலம் சொன்னால் "அவர்கள்" என்று வரும். ஆய்வில் பங்கேற்கும் ஒரே ஆள் திடீரென்று கூட்டமாகிவிடுவார். 2.5 பில்லியன் என்பது 250 கோடி. கோடியில் எழுதச் சொன்னால் 25 கோடி என்று எழுதிவிடுவதும் உண்டு. தேதியில் 03/04 மார்ச்சா ஏப்ரலா என்பதை அது கேட்காது, தானே முடிவுசெய்துவிடும்.

சட்ட ஆவணங்களில் சொல்லின் துறைப்பொருள் சறுக்கும். ஒப்பந்தத்தின் 'பார்ட்டி' தரப்பினர் ஆகாமல் கட்சி ஆகும். தீர்ப்பாணையின் 'எக்ஸிகியூஷன்' நிறைவேற்றம் ஆகாமல் மரண தண்டனையின் சாயலில் போய் நிற்கும். மேல்முறையீட்டுக்கு அனுமதி என்ற பொருளில் வரும் 'லீவ் கிராண்டட்' விடுப்பு ஆகிவிடும். இவற்றைவிடப் பெரிய சிக்கல் நிபந்தனை வாக்கியம். ஆங்கிலம் நிபந்தனையைக் கடைசியில் தொங்கவிடும், தமிழில் அது முன்னால் வர வேண்டும். 'அன்லெஸ்', 'ப்ரொவைடட் தட்' இரண்டும் ஒரே நீண்ட வாக்கியத்தில் வந்தால், எந்த விலக்கு எந்தக் கடமைக்கு என்பதை இயந்திரம் குழப்பும். அறுபது சொல்லுக்கு மேல் போகிற சட்ட வாக்கியத்தில் இயந்திரத்தின் தமிழை அழித்துவிட்டு நாமே எழுதுவதுதான் வேகமான வழி. திருத்தப் போனால் இரட்டை நேரம்.

செயலிகளில் வரும் துண்டுச் சொற்களில் வேறொரு தொல்லை. 'ஓப்பன்' என்று ஒரே ஒரு சொல். திற என்பதா, திறந்துள்ளது என்பதா? படத்தைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது, இயந்திரத்தாலும் முடியாது. பயனரின் பெயர் வந்து உட்காரும் இடத்தில் வேற்றுமை உருபை ஒட்டினால் "குமார்ஐ" என்றுதான் திரையில் தெரியும். "என்பவரை", "என்பவருக்கு" என்று போட்டோ, பெயரை எழுவாயாக்கியோ வாக்கியத்தை மாற்றி எழுத வேண்டும். ஒரு பொத்தானில் "சேமி", அடுத்ததில் "சேமிக்கவும்", மூன்றாவதில் "சேமிப்பு" என்று வருவதையும் மனிதர்தான் சீராக்க வேண்டும்.

எந்த ஊர்த் தமிழ் என்பதையும் இயந்திரம் கண்டுகொள்வதில்லை. இலங்கைக்குப் போகும் படிவத்தில் வைத்தியசாலை, அமைச்சு, பிரதேச செயலகம் என்று வர வேண்டும். சிங்கப்பூருக்கு என்றால் மத்திய சேமநிதி, வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் போன்ற அரசு பயன்படுத்தும் பெயர்களை அப்படியே போட வேண்டும். சொல்லாமல் விட்டால் மூன்று நாட்டுச் சொற்களும் ஒரே பக்கத்தில் கலந்து வரும்.

பெரிய மொழி மாதிரிகளுக்கே உரிய கெட்ட பழக்கம் ஒன்று உண்டு: விட்டுவிடுவது. நீண்ட கோப்பை மொத்தமாகக் கொடுத்தால் 14 நிபந்தனைகள் உள்ள பட்டியலில் சிலசமயம் 13 மட்டும் திரும்பி வரும். விடுபட்ட இடத்தில் ஓட்டை தெரியாதபடி எண்கள் வரிசையாகவே இருக்கும். இதற்காகத்தான் கீழே சொல்கிற முறை.

கோப்பை 300 முதல் 500 சொல் வரையுள்ள பகுதிகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு செக்மெண்டுக்கும், அதாவது ஒரு கட்டத்தில் வரும் வாக்கியத்துக்கும், எண் கொடுத்து, அதே எண்ணோடு திரும்பத் தரச் சொல்லுங்கள். போனதும் வந்ததும் எண்ணிக்கையில் ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். மொழிபெயர்ப்பைத் தொடங்கும் முன்பே 40, 50 கலைச்சொற்களுக்கு முடிவான தமிழைத் தீர்மானித்து, வாடிக்கையாளரிடம் ஒப்புதல் வாங்கி, அந்தப் பட்டியலை இயந்திரத்துக்குக் கொடுக்கும் கட்டளையோடு சேர்த்து அனுப்புங்கள். எந்த நாடு, நீங்கள் என்றா நீ என்றா, தேதி எப்படி, லட்சம் கோடியா மில்லியனா என்பதையும் எழுதுங்கள். முன்பு ஒப்புதலான ஐந்தாறு வாக்கியங்களை ஆங்கிலம் தமிழ் இணையாக வைத்தால், நீளமான அறிவுரையைவிட அது நன்றாக வேலை செய்யும்.

வந்த தமிழைச் சரிபார்க்கும்போது முதல் சுற்றில் ஆங்கிலத்தை மறைத்துவிடுங்கள். ஆங்கிலத்தைப் பார்த்துக்கொண்டே படித்தால் மோசமான தமிழும் புரிந்ததுபோலத் தோன்றும். தமிழை மட்டும் வாய்விட்டுப் படித்துப் புரியாத இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தேவையில்லாத "ஒரு", வரிக்கு வரி "மற்றும்", எதற்கெடுத்தாலும் "கொண்டுள்ளது", "படுகிறது" எல்லாம் இந்தச் சுற்றில் விழ வேண்டும். இரண்டாம் சுற்றில் ஆங்கிலத்தோடு வரிக்கு வரி ஒப்பிடல். மூன்றாவது எண்களுக்கும் எதிர்மறைகளுக்கும் மட்டும்: அளவு, தேதி, தொகை, இல்லை, கூடாது, வரை, குறைந்தது, மிகாமல். எண்களைச் சரிபார்க்க எக்ஸ்பெஞ்ச் போன்ற கருவி போதும். எதிர்மறைக்குக் கண்தான்.

கலைச்சொல் சோதனையை ஓட்டும் முன், எழுத்துகளைக் கணினி சேமிக்கும் குறியீடான யூனிகோடைச் சீராக்க மறக்காதீர்கள். 'கொ' என்பதில் உயிர்க்குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் இருக்கலாம். திரையில் ஒன்றுபோலத் தெரியும், தேடலில் கிடைக்காது. என்எஃப்சி என்ற சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றினால் இது தீரும். ஆனால் 'ஔ' இருக்க வேண்டிய இடத்தில் ஒ, ள என்று இரண்டு எழுத்து இருந்தாலோ, 'எ' இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழு இருந்தாலோ அதனால் தீராது, தனியாகத் தேடி மாற்ற வேண்டும். பழைய அச்சுப் புத்தகத்தை ஓசிஆர் செய்து, அதாவது பக்கப் படத்தை எழுத்தாக மாற்றி, எடுத்த கோப்புகளில் இவற்றை முதலிலேயே தேடிவிடுவது நல்லது.

தமிழைத் திரும்ப ஆங்கிலமாக்கிப் பார்க்கும் பேக் டிரான்ஸ்லேஷனை இயந்திரத்திடம் கொடுத்துத் தமிழைச் சோதிக்கலாம் என்று சிலர் நம்புகிறார்கள். நம்பாதீர்கள். அரைகுறைத் தமிழிலிருந்தும் மூல ஆங்கிலம் என்னவாக இருந்திருக்கும் என்று ஊகித்து அது அழகான ஆங்கிலத்தைத் தந்துவிடும், தவறு மறைந்துபோகும். மருத்துவ ஆய்வுக்கான ஒப்புதல் படிவத்தில் மூலத்தைப் பார்க்காத ஒரு மனிதர்தான் திரும்ப மொழிபெயர்க்க வேண்டும். பங்கேற்பாளருக்குப் புரியும் மொழியில் தகவல் தந்து ஒப்புதல் பெற வேண்டும் என்பது 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகளில் உள்ள கட்டாயம். இந்த வேலையில் கூலி இன்னும் தாக்குப்பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கூலிக்கு வருவோம், மனசு கொதிக்கும் இடம் இதுதான். டிராடோஸ் போன்ற மொழிபெயர்ப்புக் கருவிகளில், முன்பு செய்த வாக்கியங்களைச் சேமித்து வைக்கும் டிரான்ஸ்லேஷன் மெமரியோடு புது வாக்கியம் ஒத்துப்போகும் அளவை வைத்துக் கூலியில் கழிவு பிடிப்பது பழைய வழக்கம். 100 சதவீதம் ஒத்தால் கூலி மிகக் குறைவு, 95 முதல் 99 வரை கொஞ்சம் கூடுதல், இப்படியே 75 வரை படிப்படியாக ஏறும். அது நியாயம், ஏனென்றால் மெமரியில் இருந்தது முன்பு ஒரு மனிதர் செய்து ஒப்புதலான தமிழ். இப்போது இயந்திரம் நிரப்பிய செக்மெண்டுக்கும் அதே கழிவைப் பிடிக்கிறார்கள். அந்தத் தமிழுக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை.

இதைவிட மோசம், வேலை முடிந்தபின் எத்தனை எழுத்துகளை மாற்றினீர்கள் என்று கணக்கிட்டுக் கூலி போடும் முறை. மருந்தின் அளவைச் சொல்லும் ஒரு வரியை மூலத்தோடு மூன்று முறை ஒப்பிட்டு, சரியாக இருக்கிறது என்று விட்டுவிட்டால் மாற்றம் பூஜ்யம், கூலியும் பூஜ்யத்தை ஒட்டியே வரும். இது கவனமாக உழைப்பவரைத் தண்டிக்கிறது. சம்மதிக்கவே கூடாது.

விலை பேசும் முன் ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள். அதே கோப்பில் ஒரே மாதிரிக் கடினமுள்ள 500 சொல் பகுதிகள் இரண்டை எடுங்கள். ஒன்றைப் புதிதாக மொழிபெயர்த்து நேரம் குறியுங்கள், மற்றதை இயந்திரத் தமிழிலிருந்து திருத்துங்கள். முதலாவதுக்கு 100 நிமிடம், இரண்டாவதுக்கு 70 நிமிடம் என்றால் உங்கள் விலையும் வழக்கமானதில் 70 சதவீதம்தான், 40 இல்லை. பொருள் விவரக் குறிப்பு, செயலியின் உதவிப் பக்கம் ஆகியவற்றில் உண்மையிலேயே பாதி நேரம் மிச்சமாகும். சட்டத்திலும் விளம்பரத்திலும் பெரும்பாலும் ஒன்றும் மிச்சமாகாது. புதிதாக மொழிபெயர்த்தால் நாளுக்கு 2000 முதல் 2500 சொல் என்பது தொழிலில் வழக்கமான கணக்கு. போஸ்ட் எடிட்டிங்கில் 6000 கேட்டால், மூன்றாம் சுற்றுச் சரிபார்ப்பைக் கைவிடச் சொல்கிறார்கள் என்றே பொருள்.

வேலை வாய்ப்பைப் பொறுத்தவரை, சுருங்கியிருப்பது நடுத்தட்டு: செய்தி, பொருள் விவரம், பொது இணையப் பக்கங்கள். நிற்பது, தவறினால் யாராவது பதில் சொல்ல வேண்டிய வேலை. உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் சுவாஸ் என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளைத் தொடங்கியது. தீர்ப்புகள் தமிழிலும் வருகின்றன, ஆனால் இயந்திரம் தந்ததை மொழிபெயர்ப்பாளர்கள் சரிபார்க்கிறார்கள். அப்படி வரும் தமிழ் வடிவம் வழக்காடியின் புரிதலுக்காக மட்டுமே என்ற குறிப்பும் உடன் இருக்கிறது. இந்திய மொழிகளுக்கு இயந்திர மொழிபெயர்ப்பைக் கொண்டுவரும் மத்திய அரசின் பாஷிணி திட்டம் 2022இல் தொடங்கியது. இத்தகைய திட்டங்களைச் சுற்றி, இயந்திரம் கற்றுக்கொள்ள இரு மொழிகளிலும் இணைவாக்கியங்கள் எழுதுவது, குரல் பதிவுகளை எழுத்தாக்கிச் சரிபார்ப்பது, இரண்டு இயந்திர விடைகளில் எது மேல் என்று தரம் பார்ப்பது என்று புதுவகை வேலைகள் உருவாகியிருக்கின்றன. கைச்செலவுக்கு உதவும். ஆனால் திட்டம் முடிந்தால் வேலையும் முடியும், அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

கவலை, புதிதாக வருகிறவர்களைப் பற்றித்தான். முன்பு எளிய கோப்புகளில் இரண்டு மூன்று ஆண்டு கைபழகி, அதன்பின் சட்டத்துக்கோ மருத்துவத்துக்கோ போவார்கள். அந்த எளிய கோப்புகளைத்தான் இயந்திரம் முதலில் எடுத்துக்கொண்டது. இயந்திரத் தமிழையே நாள் முழுதும் திருத்திப் பழகியவருக்கு எது நல்ல தமிழ் என்ற காது மழுங்கிப்போகிறது. புதியவர்கள் வாரத்தில் ஒரு நாளாவது இயந்திரத்தை அணைத்துவிட்டு மொழிபெயர்க்க வேண்டும். ஒரு துறையைப் பிடித்துக்கொள்ளுங்கள்: வங்கி, நிலப் பத்திரம், மருத்துவ ஆய்வு, காப்பீடு, எதுவானாலும் சரி. அந்தத் துறையில் நீங்களே 500 சொல் கொண்ட கலைச்சொல் பட்டியலை, எங்கிருந்து எடுத்தீர்கள் என்ற குறிப்போடு சேர்த்து வைத்திருந்தால், வேலை கொடுப்பவரிடம் காட்ட அதைவிடச் சான்று வேண்டாம்.

ஒப்பந்தம் போடும்போது சில விஷயங்கள் எழுத்தில் இருக்கட்டும். எந்த இயந்திரத்தின் தமிழ், யார் ஓட்டியது; கூலி ஆங்கிலச் சொல் கணக்கிலா தமிழ்ச் சொல் கணக்கிலா, ஏனென்றால் தமிழ் ஒட்டி எழுதும் மொழி, சொல் எண்ணிக்கை கணிசமாகக் குறையும்; முழுத் திருத்தமா, பொருள் புரிந்தால் போதுமா; இரண்டாவது ஆள் பார்ப்பாரா. ஐஎஸ்ஓ 18587 முழுமையான போஸ்ட் எடிட்டிங்குக்கான தரநிலை, 2017இல் வந்தது. மொழிபெயர்ப்புச் சேவைகளுக்கான தரநிலையான ஐஎஸ்ஓ 17100, இயந்திர மொழிபெயர்ப்பைத் திருத்தும் வேலையைத் தன் வரம்புக்குள் சேர்ப்பதே இல்லை. ஏஜென்சி தரும் வேலை ஆணையில் (பி.ஓ.) 17100 என்று போட்டுவிட்டு இயந்திரம் நிரப்பிய கோப்பை அனுப்பினால், அந்த எண்ணைக் காட்டியே விலையைத் திரும்பப் பேசலாம்.