எச்சரிக்கை: 9,800 வெள்ளி வாங்கிக்கொண்டு என் எஞ்சினைத் திறக்கவே இல்லை

நேற்றுக் காலை தைப்பிங்கில் ஒரு சீன ஃபோர்மனின் (மெக்கானிக்கின்) பட்டறையில், ஹாய்ஸ்ட் என்ற தூக்கியில் ஏற்றப்பட்ட என் பி.எம்.டபிள்யூ. காருக்கு அடியில் அண்ணாந்து பார்த்தபடி நின்றுகொண்டிருந்தேன். அவர் கைவிளக்கை, எஞ்சினுக்கு அடியிலுள்ள உலோகச் சட்டமான முன்பக்க சப்ஃபிரேமின் போல்ட்டுகள்மேல் ஒவ்வொன்றாக நகர்த்தினார். ஒவ்வொரு போல்ட்டின் தலையைச் சுற்றிலும் பல ஆண்டுச் சேறும் எண்ணெயும் இறுகிப் பொருக்காகப் படிந்திருந்தன. அவற்றின்மேல் ஸ்பேனர் பட்ட தடம் ஒன்றுகூட இல்லை. "தா பெர்னா புக்கா" என்றார் அவர், ஒருபோதும் திறக்கப்படவில்லை என்று மலாயில். அந்தச் சப்ஃபிரேமை இறக்கி, எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி, உள்ளிருக்கும் பேரிங்குகளை மாற்றிவிட்டதாகச் சொல்லி ஈப்போ பக்கத்திலுள்ள ஒரு பட்டறை என்னிடம் வாங்கிய தொகை 9,800 வெள்ளி (மலேசிய ரிங்கிட்).

பட்டறையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, ஏனென்றால் விவகாரம் நடுவர் மன்றத்துக்குப் போகவிருக்கிறது. ஐரோப்பிய வண்டிகளை மட்டுமே பழுதுபார்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும், வெளியில் பெரிய பெயர்ப்பலகையும் உள்ளே பளபளக்கும் தரையும் கொண்ட பட்டறை என்ற அளவில் தெரிந்துகொண்டால் போதும். நடந்ததை முழுமையாகச் சொல்லிவிட்டு, இப்படிப்பட்ட வேலைக்கு வண்டியைக் கொடுப்பவர்கள் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதையும் எழுதுகிறேன்.

நான் சுங்கை சிப்புட்காரன். அப்பா ரப்பர் மரம் சீவியவர். நான் இந்த வட்டாரத்துச் செம்பனை ஆலை ஒன்றில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். பதினெட்டு ஆண்டுச் சேமிப்பில் சென்ற ஆண்டு 2009ஆம் ஆண்டின் பி.எம்.டபிள்யூ. எம்3 ஒன்றை வாங்கினேன். எஸ்65 என்ற 4.0 லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சின், 420 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 8,400 சுற்று வரை ஓடக்கூடியது. இந்த எஞ்சினை வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் ஒரு கவலை உண்டு. பிஸ்டனைக் கிராங்குடன் (எஞ்சினின் சுழல்தண்டுடன்) இணைக்கும் ஒவ்வொரு கனெக்டிங் ராடின் பெரிய முனையிலும் பிறை வடிவிலான இரண்டு ஓடுகள் சேர்ந்து ஒரு பேரிங்காகின்றன. அந்த ஓடுகளுக்கும் கிராங்குக்கும் இடையே தலைமுடியின் பருமனைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே இருக்கிறது. 10டபிள்யூ-60 என்ற கெட்டியான எண்ணெய் சூடேறுவதற்குள் எஞ்சினை விரட்டினால் அந்தப் படலம் அறுந்து, ஓடு தேயத் தொடங்குகிறது. தேய்மானம் முற்றினால் ராட் உடைந்து எஞ்சின் பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். பிறகு எஞ்சின் முழுவதையுமே மாற்ற வேண்டியதாகிவிடும்.

ஆகவேதான் விவரம் தெரிந்தவர்கள் சத்தம் வருவதற்கு முன்பே பேரிங்கை மாற்றிவிடுகிறார்கள். தொடக்க ஆண்டுகளில் இந்த எஞ்சினுக்குள் போடப்பட்டவை ஈயமும் செம்பும் கொண்ட ஓடுகள். பின்னர் வெள்ளீயமும் அலுமினியமும் கொண்டவையாக மாற்றப்பட்டன. என்னுடைய வண்டி முதல் வகையைச் சேர்ந்தது. 118,000 கிலோமீட்டரில் எண்ணெய் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினேன். ஈயமும் செம்பும் இருப்பதாக அறிக்கை வந்தது. (அறிக்கையில் ஈயம் குறைவாக இருப்பதை மட்டும் வைத்துப் பேரிங் நலமாக இருக்கிறது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.) இனித் தள்ளிப்போடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

அந்தப் பட்டறையில் நுழைந்தபோது அதன் முதலாளி என்னை நிற்கவைத்துப் பேசவில்லை. நாற்காலி போட்டு, தேநீர் வரவழைத்து, "தம்பி எந்த ஊரு?" என்று கேட்டார். சுங்கை சிப்புட் என்றேன். "அப்பா எந்தத் தோட்டம்?" என்று அடுத்த கேள்வி வந்தது. சொன்னேன். தன் தாயாரும் பால்வாளி சுமந்தவர்தான் என்றும், விடியற்காலை நான்கு மணிக்குப் பிரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகும் அவருடைய தலைவிளக்கின் கார்பைடு வாசம் இன்னும் தன் மூக்கிலேயே இருக்கிறது என்றும் சொன்னபோது அவருடைய கண்கள் கலங்கின. என் அம்மாவின் தலைவிளக்கும் அதே வாசம்தான். அந்த ஒரு நிமிடத்தில்தான் நான் விலைப்பட்டியல் கேட்பதை விட்டேன், உதிரிப்பாகங்களின் எண்களைக் கேட்பதை விட்டேன். "நம்ம புள்ள கஷ்டப்பட்டு வாங்கின வண்டி, நானே நின்னு செய்யறேன்" என்றார். பாகங்கள் ஜெர்மனியிலிருந்து வரவேண்டும் என்று சொல்லி முன்பணமாக 5,000 வெள்ளி கேட்டார். அங்கேயே கைப்பேசியில் அனுப்பினேன். பணம் போய்ச் சேர்ந்தது நிறுவனக் கணக்குக்கு அன்று, ஒரு தனிநபர் கணக்குக்கு. அதையும் நான் அன்று கேட்கவில்லை.

வண்டி பதினாறு நாள் அங்கே கிடந்தது. முதலில் பாகங்கள் சுங்கத் துறையில் மாட்டிக்கொண்டன என்றார்கள். பிறகு ஃபோர்மனுக்குக் காய்ச்சல் என்றார்கள். வேலை நடக்கும்போது வந்து பார்க்கலாமா என்று இருமுறை கேட்டேன். காப்புறுதி விதிப்படி வெளியாட்களை ஹாய்ஸ்ட் பக்கம் விட முடியாது என்று பதில் வந்தது. கடைசியில் வண்டியை எடுக்கப் போனபோது, டீசலில் கழுவிய வாசத்தோடு ஒரு பிளாஸ்டிக் பையை மேசைமேல் வைத்தார். அதிலிருந்து ஓர் ஓட்டை எடுத்து, சாம்பல் நிறம் தேய்ந்து செம்பு நிறம் தெரிந்த இடத்தை விரல் நகத்தால் கீறிக் காட்டினார். "இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா எஞ்சின் போயிருக்கும் தம்பி" என்றார். நான் அவருடைய கையைப் பிடித்து நன்றி சொன்னேன். மீதி 4,800 வெள்ளியைக் கட்டினேன். மொத்தம் 9,800 வெள்ளி. கையில் கிடைத்த ரசீதில் "எஞ்சின் சர்வீஸ்" என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறொன்றும் இல்லை.

அடுத்த மூன்று வாரமும், புதிய பேரிங் இருக்கிறது என்ற நம்பிக்கையில், நெடுஞ்சாலையில் எஞ்சினை 8,000 சுற்று வரை ஏற்றி ஓட்டினேன். ஒரு நாள் என் மகளையும் பக்கத்தில் உட்காரவைத்திருந்தேன். இதை நினைக்கும்போதுதான் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

பத்து நாளுக்கு முன், ஞாயிற்றுக்கிழமை பசியாறிய பிறகு, அந்தப் பையிலிருந்த ஓடுகளைச் சுத்தமாகத் துடைத்து எடுத்துவைக்கலாம் என்று நாளிதழை விரித்து வரிசையாக அடுக்கினேன். பன்னிரண்டுதான் இருந்தன. மீண்டும் எண்ணினேன், பையைத் தலைகீழாக உதறினேன். எட்டு சிலிண்டருக்கு எட்டு ராட். ராடுக்கு இரண்டு ஓடு. பதினாறு இருக்க வேண்டும். பன்னிரண்டு என்றால் அது ஆறு சிலிண்டர் எஞ்சினின் கணக்கு.

தொலைபேசியில் அழைத்தேன். முதல் நாள், "நாலு கீழே விழுந்திருக்கும், பசங்க கூட்டித் தள்ளியிருப்பாங்க" என்று சிரித்தார். இரண்டாம் நாள் முதலாளி வெளியூரில் என்று ஒரு பெண் சொன்னார். மூன்றாம் நாள் புலனத்தில் படங்களை அனுப்பி, பழைய போல்ட்டுகளையாவது காட்டுங்கள் என்று கேட்டேன். அந்த ராட் போல்ட்டுகள் இறுக்கும்போது நீண்டுகொள்ளும் வகையைச் சேர்ந்தவை. ஒருமுறை கழற்றினால் மீண்டும் பயன்படுத்தக் கூடாது, ஆகவே பழைய போல்ட்டுகள் பதினாறு எங்காவது கிடக்க வேண்டும். நீலக்குறி விழுந்தது, பதில் வரவில்லை. ஐந்தாம் நாள் நேரில் போனேன். தேநீர் கொடுத்த அதே மேசையில், இம்முறை நின்றபடியே, "யூடியூப் பார்த்துட்டு வந்து ஃபோர்மனுக்குப் பாடம் எடுக்காதீங்க, வண்டி நல்லாத்தானே ஓடுது?" என்றார். அன்று மாலையே என் எண்ணைத் தடைசெய்துவிட்டார்.

"வண்டி நல்லாத்தானே ஓடுது?" என்ற அந்தக் கேள்வியில்தான் இந்த மோசடி முழுவதும் அடங்கியிருக்கிறது. பிரேக் மாற்றினால் மிதிக்கும்போது தெரியும். டயர் மாற்றினால் கண்ணுக்குத் தெரியும். பழுதாவதற்கு முன்பே மாற்றும் பேரிங்கோ, மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் அடுத்த நாள் வண்டி ஒரே மாதிரிதான் ஓடும். ஓராண்டு கழித்து எஞ்சின் வெடித்தால்கூட, பழைய வண்டி, விரட்டி ஓட்டியிருப்பீர்கள் என்று சொல்லித் தப்பிவிடலாம். எங்கள் ஆலையில் ஒரு பம்புக்குப் பேரிங் மாற்றினாலும், பழையதை மேசைமேல் வைத்து, எண்ணை எழுதி, இருவர் கையொப்பமிட்ட பிறகுதான் இயந்திரத்தை முடுக்குவோம். அந்த நடைமுறையைப் பதினெட்டு ஆண்டுகளாகக் கட்டிக்காக்கும் என்னிடமே, என் அம்மாவின் தலைவிளக்கைச் சொல்லி 9,800 வெள்ளியைப் பறித்துக்கொண்டார்கள்.

தைப்பிங் ஃபோர்மன் எஸ்65 எஞ்சினின் புதிய ஓடு ஒன்றை எடுத்துவந்து, என் பையிலிருந்ததன் அருகில் வைத்துக் காட்டினார். அளவே வேறு. இத்தனைக்கும் அவர் என்னிடம் ஒரு காசும் வாங்கவில்லை. இப்போது வண்டி வீட்டு முற்றத்தில் துணி போர்த்தி நிற்கிறது. உண்மையாகவே பேரிங்கை மாற்றும்வரை அதை முடுக்கப்போவதில்லை.

விரிவாக ஆலோசனை எழுதுவதாகச் சொன்னேன். இப்போதைக்கு மனம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. சிலவற்றை மட்டும் சொல்கிறேன். தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். ரசீதில் பேரிங், போல்ட், கேஸ்கெட் ஒவ்வொன்றின் எண்ணும் எண்ணிக்கையும் இருக்க வேண்டும். வண்டியைக் கொடுப்பதற்கு முன் சப்ஃபிரேம் போல்ட்டுகளையும் எண்ணெய்த் தொட்டியின் விளிம்பையும் படமெடுத்து வையுங்கள். முடிந்தால் போல்ட் தலைகளில் வண்ணப்புள்ளி வையுங்கள். சப்ஃபிரேமை இறக்கினால் பிறகு முன்சக்கர அலைன்மென்ட் பார்க்க வேண்டியிருக்கும். அந்தப் பேச்சே எழவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். தொட்டி திறந்திருக்கும்போது உள்ளே பார்க்க விடாத பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். பழைய ஓடுகளை அங்கேயே, அவர்கள் முன்னிலையிலேயே எண்ணுங்கள்.

பயனீட்டாளர் உரிமைக் கோரல் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைத் தாக்கல் செய்யலாம். கட்டணம் ஐந்து வெள்ளிதான், வழக்கறிஞரும் தேவையில்லை. முதல் படிவத்தை நேற்றிரவே நிரப்பிவிட்டேன். கோரும் தொகை என்ற இடத்தில் 9,800 வெள்ளி என்று எழுதியிருக்கிறேன். பன்னிரண்டு ஓடுகளையும் எண்ணிட்டுப் பையில் போட்டுக் கட்டிவைத்திருக்கிறேன். இதே மாதிரிப் பட்டறையில் பன்னிரண்டு ஓடுகளை வாங்கிவந்த எட்டு சிலிண்டர்காரர்கள் வேறு யாராவது பேராக்கில் இருந்தால், தயவுசெய்து இங்கே எழுதுங்கள்.