ராக்வெல் போல்டு இட்டாலிக்: நாலு வருஷப் பழக்கம்

நாலு வருஷமாக என் வடிவமைப்பு வேலையில் தலைப்பு என்றாலே கை முதலில் போவது ராக்வெல் போல்டு இட்டாலிக் என்ற தடித்த, சாய்ந்த ஆங்கில எழுத்துருவிடம்தான். போஸ்டர், துண்டறிக்கை, புத்தக அட்டை என்று எல்லாவற்றிலும் போட்டுப் பார்த்தாயிற்று. சொதப்பியதும் உண்டு.

1934இல் மோனோடைப் நிறுவனம் வெளியிட்ட எழுத்துருக் குடும்பம் இது. ஸ்லாப் செரிஃப் வகை என்பதால், எழுத்தின் முனைகளில் மெல்லிய கூர் இருக்காது. செங்கல் வைத்த மாதிரி கனமான பட்டை இருக்கும். இந்த வகையே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில், தெருவில் போகிறவர்களைத் திரும்பிப் பார்க்க வைக்கும் விளம்பரத் தாள்களுக்காக வளர்ந்ததுதான். அந்தச் சத்தம் இன்னும் அடங்கவில்லை.

இட்டாலிக் என்றதும் பேனாவால் சுழித்து எழுதிய நளினத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். நேரெழுத்தையே பிடித்துச் சாய்த்தது போலிருக்கும். சிறிய 'ஏ' (a) கூட கீழே வட்டம், மேலே வளைவு என்று இரண்டடுக்காகவே நிற்கும். முதலில் இதைக் குறையாகத்தான் நினைத்தேன். இப்போது அதுதான் பிடிக்கிறது. உடம்பு முன்னால் சாய்கிறது, கால் மட்டும் தரையில் அழுந்த ஊன்றியிருக்கிறது. ஓட்டப் பந்தயத்தில் விசிலுக்குக் காத்திருப்பவர் நிற்பாரே, அந்த நிற்பு. பெரிய 'ஏ'யின் உச்சியிலும் ஒரு பட்டை உண்டு, தொப்பி போட்ட மாதிரி. விளையாட்டுப் போட்டி போஸ்டருக்கு 'ஸ்டார்ட்' என்று ஒரே சொல்லைப் பக்கம் முழுக்கப் போட்டேன். படமே தேவைப்படவில்லை.

சிறிய அளவில் கதை வேறு. ஒரு கையேட்டில் 9 பாயிண்ட் அளவில் முழுப் பத்தியையே இதில் அமைத்தேன். அச்சாகி வந்தபோது 'ஈ', 'ஏ' எழுத்துகளின் உள்வெளி மை அடைத்துக் கிடந்தது. அடுத்தடுத்து வந்த 'ஆர்', 'என்' பட்டைகள் ஒட்டிக்கொண்டு 'எம்' போலத் தெரிந்தன. 'மாடர்ன்' (modern) என்ற சொல்லை ஒருவர் 'மோடம்' (modem) என்று வாசித்தார்! தப்பு எழுத்துருவுடையது அல்ல, என்னுடையது. அப்புறம் நாலைந்து சொல்லுக்கு மேல் இதில் அமைப்பதில்லை. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் எழுத்துகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியைக் கொஞ்சம் தளர்த்திவிடுவேன்.

இன்னொன்று, அசல் போல்டு இட்டாலிக் கோப்பு கணினியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், 'பி', 'ஐ' பொத்தான்களை அழுத்தியதும் மென்பொருள் தானே தடிமனாக்கிச் சாய்த்துக் கொடுத்துவிடும். திரையில் பார்க்கும்போது சரிதான் என்று தோன்றும். பெரிதாக்கினால் வளைவுகள் பிதுங்கியிருக்கும். நான் மாதக்கணக்கில் அந்தப் போலியைத்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தேன். வேறு இடத்துக்கு அனுப்பும்போது பிடிஎஃபில் எழுத்துருவை உட்பொதிப்பதும், அதாவது கோப்புக்குள்ளேயே சேர்த்து வைப்பதும், அப்படித்தான், மறந்தால் வேறு எழுத்துரு வந்து நிற்கும்.

தமிழோடு கலக்கும்போது ராக்வெல்லில் தமிழ் எழுத்து இல்லாததால் மென்பொருள் வேறொன்றை எடுத்துச் சாய்த்துவிடுகிறது. கொம்பும் சுழியும் கவிழ்ந்து பார்க்கச் சகிக்காது. ஆகவே தமிழை நேராக, தடித்த எழுத்தில் விட்டுவிடுகிறேன். இரண்டும் அருகருகே நன்றாகவே ஒத்துப்போகின்றன.

சாய்வு எழுத்தை இடது ஓரத்தில் கச்சிதமாக ஒட்டி வைத்தாலும் கண்ணுக்கு விலகித்தான் தெரியும். அளவுகோலை நம்பாமல், ஒரு முடி அகலம் கையால் நகர்த்தித்தான் வைக்கிறேன்.