லேப்டாப்பில் டிவி: ஆன்டெனா குச்சியா, கேப்சரா, டிஷ் டியூனரா?

லேப்டாப்பில் டிவி பார்க்கணும், ரெக்கார்டும் பண்ணணும், எந்த யுஎஸ்பி டியூனர் (டிவி சிக்னலைப் பிடித்து லேப்டாப்புக்குத் தரும் கருவி) வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். வீட்டுக்குள் வருவது கேபிளா, டிஷ்ஷா? இரண்டும் இல்லை, மொட்டை மாடி ஆன்டெனாதான் என்றால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். டியூனரின் தரத்தைப் பற்றிப் பேசுவதெல்லாம் அப்புறம். அது பிடிக்கக்கூடிய சிக்னல் நம்ம கடலூருக்கோ புதுச்சேரிக்கோ வருகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஆன்டெனா குச்சி

ஆன்லைனில் 'யுஎஸ்பி டிவி டியூனர்' என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது இதுதான். பென்டிரைவ் அளவு, கூடவே காந்த அடியுள்ள ஒரு சாண் ஆன்டெனா, குட்டி ரிமோட். விலையும் குறைவு. இதற்குள் பெரும்பாலும் ரியல்டெக்கின் ஆர்டிஎல்2832யு சிப் இருக்கும். அது டிவிபி-டி என்ற தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்புக்காகச் செய்தது. ஐரோப்பாவில் பல நாடுகளில் அந்த ஒளிபரப்பு இருந்தது, அதனால் அங்கே இது நன்றாகவே ஓடியது.

நம்ம ஊர்க் கதை வேறு. தூர்தர்ஷன் பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை ஒவ்வொன்றாக மூடி, 2022 வாக்கில் நாடு முழுக்கப் பெரும்பாலானவற்றை நிறுத்திவிட்டது. புதிய டிஜிட்டல் ஒளிபரப்பை 2016இல் 16 நகரங்களில் தொடங்கியபோது தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் இருந்தது சென்னை மட்டும். அதுவும் டிவிபி-டியின் அடுத்த தலைமுறையான டிவிபி-டி2. மேலே சொன்ன சிப்புக்கு அது புரியாது. சென்னையிலிருந்து புதுச்சேரி சுமார் 150 கிலோமீட்டர், கடலூர் இன்னும் தள்ளி. தரைவழிச் சிக்னல் அவ்வளவு தூரம் நம்பும்படி வராது. ஆக, டி2 பிடிக்கிற குச்சியாகவே பார்த்து வாங்கினாலும் ஸ்கேன் முடிந்ததும் திரையில் பூஜ்யம் சேனல்தான்.

குச்சியில் கேபிள் வயரைச் சொருகினால்?

ஒரு காலத்தில் இது பிரமாதமாக வேலை செய்தது. கேபிள்காரர் தெருவில் இழுத்த வயரை நேராக அனலாக் டியூனரில் சொருகினால் சன் டிவி முதல் உள்ளூர் சேனல் வரை அத்தனையும் லேப்டாப்பில் வரும். இன்றைக்கும் பலர் டியூனரைத் தேடுவது அந்த ஞாபகத்தில்தான். கேபிள் டிவியின் நான்காம் கட்ட டிஜிட்டல் மாற்றத்துக்கு மத்திய அரசு வைத்த கெடு 2017 மார்ச் 31. அந்த ஏப்ரலில்தான் அரசு கேபிளுக்கும் டிஜிட்டல் உரிமம் கிடைத்தது. அதன் பிறகு வீட்டுக்கு வீடு செட்டாப் பாக்ஸ். இப்போது வயரில் வருவது டிவிபி-சி என்ற கேபிள் டிஜிட்டல் ஒளிபரப்பு, அதுவும் பூட்டுப் போட்டு. பூட்டின் சாவி பாக்ஸுக்குள் இருக்கிறது. டிவிபி-சி பிடிக்கும் டியூனர் வாங்கினால் சேனல் பெயர்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும். சொடுக்கினால் கறுப்புத் திரை. "பாக்ஸ் இல்லாம வராது அண்ணே" என்று கேபிள்காரர் சொல்வது வியாபாரப் பேச்சு இல்லை, நிஜம்.

எனவே கேபிள் வீட்டில் ஒரே வழி, பாக்ஸைத் தாண்டி வெளியே வரும் படத்தைப் பிடிப்பது. அதற்குத்தான் கேப்சர். கேப்சரில் இரண்டு ரகம் உண்டு. வேடிக்கை என்னவென்றால், விலை குறைந்த பழைய ரகம்தான் இங்கே கை கொடுக்கிறது.

ஏவி கேப்சரும் எச்டிஎம்ஐ கேப்சரும்

எச்டிஎம்ஐ கேப்சர் குச்சியைப் பார்த்தால் ஆசை வரும். ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கும், தனி டிரைவர் வேண்டாம், சொருகினதும் லேப்டாப் அதை ஒரு வெப்கேமரா என்று எடுத்துக்கொள்ளும். மலிவானவற்றில் இருப்பது பெரும்பாலும் எம்எஸ்2109 சிப். பெட்டியில் 4கே என்று பெரிதாகப் போட்டிருப்பது உள்ளே வாங்குகிற படத்துக்கு. லேப்டாப்புக்குத் தருவது 1080, விநாடிக்கு 30 பிரேம். முனை நீல நிறத்தில் இருந்தாலும் உள்ளே யுஎஸ்பி 2.0தான். ஒலியை 96 ஆயிரம் ஹெர்ட்ஸ் மோனோ என்று காட்டும் விசித்திரமும் இதற்கு உண்டு. உண்மையில் அது 48 ஆயிரம் ஸ்டீரியோ. பதிவில் குரல் ஏதோ கோளாறாகக் கேட்டால் காரணம் இதுவாக இருக்கலாம்.

பெரிய சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எச்டி செட்டாப் பாக்ஸ்கள் எச்டிஎம்ஐ வழியே எச்டிசிபி என்ற காப்புப் பூட்டோடு படத்தை அனுப்புகின்றன. டிவி அந்தப் பூட்டுக்குச் சரியான பதில் சொல்லும், கேப்சர் குச்சி பெரும்பாலும் சொல்லாது. அப்போது பாக்ஸின் மெனு கூட வராமல் திரை இருட்டாகவே நிற்கும். குச்சி பழுது என்று கடைக்காரரிடம் சண்டை போடுவதில் பயனில்லை.

ஏவி கேப்சருக்கு இந்தத் தொல்லை இல்லை. மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்று முனை வயரைப் பாக்ஸின் பின்னால் சொருகி, மறுமுனையைக் குச்சியில் கொடுத்தால் படம் வந்துவிடும். சில பாக்ஸ்களில் மூன்று ஓட்டைக்குப் பதில் ஒரே ஒரு 3.5 மில்லிமீட்டர் ஓட்டைதான் இருக்கும். அதற்கான வயரை அந்தப் பாக்ஸுக்கே பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். எல்லா வயரிலும் வரிசை ஒன்றாக இருக்காது, மஞ்சளில் ஒலியும் சிவப்பில் படமும் வரக்கூடும்.

படத்தரம்? 720க்கு 576 புள்ளிகள், அவ்வளவுதான். டிவி பெரிதானால் மங்கல் தெரியும், லேப்டாப்பின் 15 அங்குலத் திரையில் கண்ணை உறுத்தாது. இரண்டு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஒன்று, மென்பொருளில் டிவி முறையைப் பால் (PAL) என்று வைக்க வேண்டும். என்டிஎஸ்சி (NTSC) என்று இருந்தால் படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ வரும். இரண்டாவது, ஆட்கள் ஓடும்போது ஓரங்களில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரியும். ஓபிஎஸ் (OBS) என்ற பதிவு மென்பொருளில் அந்தப் படத்தின் மேல் வலது சொடுக்கி, டீஇன்டர்லேசிங் என்ற இடத்தில் யாடிஃப் கொடுத்தால் கோடு மறைந்துவிடும். இதைச் செய்யாமல் பதிவு செய்தால் அந்தக் கோடுகள் கோப்பிலேயே பதிந்துவிடும்.

சன், விஜய் தொடர்களுக்காக இவ்வளவு பாடுபடுவது வீண், அவை ஆப்பிலேயே கிடைக்கின்றன. கேப்சருக்கு உண்மையான மதிப்பு உள்ளூர் கேபிள் சேனல்களில்தான். மாசி மகத்தன்று மயிலம் முருகனும் திண்டிவனம் நல்லியக்கோடன் சீனிவாசப் பெருமாளும் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வருவது, கடலூர் தேவனாம்பட்டினம் தீர்த்தவாரி, வீராம்பட்டினம் தேர், வடலூரில் தைப்பூசத்தன்று ஏழு திரை நீக்கிக் காட்டும் ஜோதி. உள்ளூர் சேனல் நேரலையில் காட்டும் இந்த மாதிரிக் காட்சிகள் மறுநாள் எங்கேயாவது முழுசாகக் கிடைக்கும் என்று நம்ப முடியாது. கூட்டத்தில் நம்ம வீட்டுப் பெரியவர் இரண்டு விநாடி வந்துபோயிருந்தால் அந்தப் பதிவை வீடே கேட்கும். வீட்டில் போட்டுப் பார்க்கலாம், யூடியூபில் ஏற்றினால் அது வேறு பிரச்சினை.

கேப்சரின் குறை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். லேப்டாப்பால் பாக்ஸின் சேனலை மாற்ற முடியாது. இரவு பத்து மணிக்கு டைமர் வைத்துவிட்டு நீங்கள் தூங்கலாம். நடுவில் யாராவது ரிமோட்டை எடுத்து நகைச்சுவை சேனலுக்கு மாற்றினால் பதிவாவதும் நகைச்சுவைதான்.

டிஷ் இருந்தால்

இங்கேதான் உண்மையான டியூனருக்கு வேலை வருகிறது. தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது. இப்போது 93.5 டிகிரி கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15 வழியாக வருகிறது. மாதக் கட்டணம் கிடையாது. பெரும்பாலான சேனல்களுக்குப் பூட்டும் கிடையாது. டிவிபி-எஸ்2 என்ற செயற்கைக்கோள் ஒளிபரப்பைப் பிடிக்கும் யுஎஸ்பி சாட்டிலைட் டியூனரை டிஷ் வயரில் இணைத்தால் லேப்டாப்பே செட்டாப் பாக்ஸ் ஆகிவிடும்.

கடலூரிலிருந்து அந்தச் செயற்கைக்கோள் தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து சுமார் 69 டிகிரி உயரத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட தலைக்கு மேல் என்றே சொல்லலாம். அதனால் பக்கத்து வீட்டு இரண்டாம் மாடி மறைக்குமோ என்ற பயம் வேண்டாம். மறைப்பது தென்னை மட்டை. காற்றடிக்கும்போது மட்டும் படம் உடைந்தால் முதலில் மேலே பாருங்கள். தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் பக்கம் உப்புக் காற்றில் எல்என்பியோடு (டிஷ்ஷுக்கு முன்னால் நிற்கும் சிக்னல் வாங்கி) வயரைச் சேர்க்கும் முனை சீக்கிரம் பச்சை பூத்துவிடும். அதன் மேல் ரப்பர் டேப் இறுக்கிச் சுற்றிவிட்டால் பிழைக்கும்.

இந்த வழியின் அழகு பதிவில் தெரியும். செயற்கைக்கோளிலிருந்து வரும் டிஜிட்டல் ஓட்டத்தை அப்படியே கோப்பில் கொட்டுவதால் தரம் ஒரு துளியும் குறையாது, பழைய லேப்டாப்பும் சூடாகாது. ஏவி கேப்சரில் லேப்டாப் உட்கார்ந்து ஒவ்வொரு பிரேமையும் சுருக்க வேண்டும், விசிறி கத்தும். இன்னொன்று, ஒரே டிரான்ஸ்பாண்டரில், அதாவது செயற்கைக்கோளின் ஒரே ஒளிபரப்புத் தடத்தில், பல சேனல்கள் சேர்ந்து வருவதால் ஒரே டியூனரால் அவற்றில் இரண்டு மூன்றை ஒரே நேரத்தில் பதிவு செய்யலாம். லினக்ஸில் டிவிஹெட்எண்ட், விண்டோஸில் டிவிபிவியூவர் போன்ற மென்பொருள்கள் நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்துத் தாங்களே சேனல் மாற்றிப் பதியும். விநாடிக்கு 4 மெகாபிட் ஓட்டம் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1.8 ஜிபி.

குறைகள்? எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட் கொடுக்க வேண்டியிருப்பதால் இந்த டியூனருக்குத் தனி அடாப்டர் வேண்டும், மடியில் வைத்துப் பார்க்கும் சமாச்சாரம் இல்லை. விலையும் கேப்சர் குச்சியைப் போலப் பல மடங்கு. தமிழுக்கு வந்தால் டிடி தமிழ் உறுதி. 2024 ஜனவரி வரை அதன் பெயர் பொதிகை. சன், விஜய் மாதிரிக் கட்டணச் சேனல்கள் வராது. ஸ்வயம் பிரபா போன்ற கல்வி சேனல்கள் வரும், கல்லூரிப் பிள்ளைகள் உள்ள வீட்டில் பாடங்களைப் பதிந்து வைக்க அது போதும்.

இதற்குப் போட்டி ஒன்று இருக்கிறது, பல வீடுகளில் அதுவே ஜெயிக்கும். ஃப்ரீ டிஷ் பாக்ஸ்கள் பலவற்றின் முன்னால் ஒரு யுஎஸ்பி ஓட்டை உண்டு. அதில் பென்டிரைவைச் சொருகி ரிமோட்டில் ரெக்கார்டை அமுக்கினால் பாக்ஸே பதிந்துகொள்ளும். பிறகு அதை லேப்டாப்பில் விஎல்சியில் போட்டுப் பார்க்கலாம். லேப்டாப்பைப் பதியும் நேரமெல்லாம் விழித்திருக்க வைக்கத் தேவையில்லை, மூடினால் தூங்கிவிடுமே என்ற கவலையும் இல்லை. பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது, நீளமான பதிவு துண்டு துண்டாக விழும். சில பாக்ஸ்கள் தன் பதிவைத் தானே மட்டும் திறக்கும்படி பூட்டிவிடும். வாங்கும் முன் கடையிலேயே ஐந்து நிமிடம் பதிந்து லேப்டாப்பில் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். எனக்கு ஒரே ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் எடுப்பேன்.

மழையும் கரண்ட்டும்

ஐப்பசி கார்த்திகையில் டிஷ் கை விடும். டிஷ்ஷுக்கு வரும் கேயு அலைவரிசையைக் கன மழை விழுங்கிவிடும், டியூனர் எவ்வளவு உசத்தியானாலும் சரி. ஆனால் மழை தணிந்ததும் படம் திரும்பிவிடும். கேபிள் அப்படி இல்லை. 2011 தானே புயல் மாதிரி கம்பமெல்லாம் சாய்ந்தால் வயர் இழுத்து முடிக்க நாள் கணக்கில் ஆகும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்து புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது, தண்ணீர் நின்ற தெருக்களில் யாருக்கும் டிவி ஞாபகம் இருந்திருக்காது.

கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், பாக்ஸும் டியூனர் அடாப்டரும் ஓடாது. 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் பாக்ஸ் என்றால் மோடத்துக்கு வாங்கும் சின்ன யுபிஎஸ் அதற்கும் போதும்.

ஏற்கெனவே ஆன்டெனா குச்சி வாங்கிவிட்டவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டாம். ஆர்டிஎல்2832யு சிப் உள்ளதாக இருந்தால் குச்சியை ரேடியோவாக மாற்றும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டிரைவரைப் போட்டு லேப்டாப்பில் எஃப்எம் கேட்கலாம். பல குச்சிகளில், மேலே பறக்கும் விமானங்கள் 1090 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் இருப்பிடத் தகவலையும் பிடிக்கலாம். கூட வந்த ஒரு சாண் ஆன்டெனாவை மொட்டை மாடியில் ஓர் இரும்புத் தட்டின் மேல் நிறுத்தினால் தொடங்குவதற்கு அது போதும்.